வேலன் எரிந்த மழைக்காலம்

மட்டாஞ்சேரி உப்புப் பாண்டிகசாலைச் சந்தில் குடியிருந்த வேலன், செத்த பிறகு எரியவில்லை. விஷு கழிந்த மறுவாரம் அது; மத்தி மீன் வரத்து குறைந்து விலை ஏறிக் கிடந்த நாட்கள். சுடுகாட்டு எரிவாயு மேடைக்குள் அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தி, வழக்கமாக விடுகிற நேரம் விட்டுத் திறந்தபோது, கொல்லன் உலையில் கிடக்கும் கடப்பாரை போலச் செக்கச் செவேலென்று ஒளிவிட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் கலையாமல் அவர் படுத்திருந்தார். மேடையைப் பார்த்துக்கொள்ளும் சஜி அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவன். மறுபடி கதவைச் சாத்தினான், தீயைக் கூட்டினான், புது சிலிண்டர் மாட்டினான். அதுவும் சீறி அடங்கியதும் வெளியே வந்து, வேலனின் மகன் அஜீஷின் தோளில் கைபோட்டு, "அஜீஷே, கேஸ் தீர்ந்துபோச்சு. அப்பன் தீரல்ல," என்றான். உடுத்திவிட்ட வேஷ்டி எரிந்திருந்தது. தலைமுடி பொசுங்கியிருந்தது. கழுத்தில் போட்ட செத்திப்பூ மாலை போன இடம் தெரியவில்லை. வேலன் மட்டும் மெல்ல ஆறி, மேலே கறுப்பாக ஒரு தோல் படிந்து, தட்டினால் கணீரென்றார்.

சந்தில் யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. அவர் அப்படி ஆகிக்கொண்டு வந்தது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். வேலனின் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து நகரசபையில் தெருக் கூட்டியவர். வேலன் துடைப்பத்தைத் தொட மறுத்து, காயலோரத்துப் படகுப் பட்டறை ஒன்றில் துரு தட்டப் போனார். மீன்பிடிப் படகுகளையும், வைப்பின் தீவுக்கு வண்டி ஏற்றிப் போகிற ஜங்கார்களையும் கரையேற்றி மரக்கட்டைமேல் நிறுத்துவார்கள். வேலன் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சிப்பிங் சுத்தியலால் துருவைத் தட்டி உதிர்ப்பார். வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு சிவப்பு பிரைமர் பூசுவார்கள். முகமூடி கொடுக்காத காலம் பாதி, கொடுத்தும் போடாத காலம் மீதி. உதிர்ந்ததெல்லாம் மூக்குக்கும் வாய்க்கும் போனது. முதலில் எச்சில் சிவப்பாக வந்தது. பிறகு வேர்வை சிவந்தது. அவர் மனைவி காளியம்மாள் வெள்ளைத் தலையணை உறை வாங்குவதை நிறுத்திக்கொண்டாள். கடைசிப் பத்து வருஷத்தில் உடம்பு மெலிந்துகொண்டே வர, எடை மட்டும் கூடிக்கொண்டே போனது. ஜங்காரில் அவர் நின்ற பக்கம் தண்ணீர் ஏறியது. "வேலன் சேட்டா, ஒண்ணு நடுவில வந்து நில்லு," என்பார் ஓட்டுகிறவர். வேலன் வந்து நிற்பார், படகின் திசைகாட்டி முள்ளும் திரும்பி அவரைப் பார்க்கும். எர்ணாகுளத்து டாக்டர் ஒருவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு இரும்புச்சத்து கொஞ்சம் கூடுதல், முருங்கைக்கீரையும் ஈரலும் வேண்டாம் என்றார். காளியம்மாள் இரண்டையும் நிறுத்தினாள். அப்புறம் ஒரு மத்தியானம் வேலன் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். டம்ளர் உருண்டது, அவர் உருளவில்லை.

எரியாதவரை மினி லாரியில் ஏற்றி வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பக்கவாட்டில் தகரச் சாய்ப்பு ஒன்று உண்டு. பட்டறையில் படகை நிறுத்துகிற மாதிரியே மரக்கட்டைகளை அடுக்கி, அஜீஷும் அவன் கூட்டாளிகளும் அவரை அதன்மேல் கிடத்தினார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. காளியம்மாள் பொட்டை அழிப்பதா வேண்டாமா? சாம்பல் இல்லாமல் எதைக் கரைப்பது? தீ முடிந்தால்தானே பதினாறாம் நாள் என்று ஒரு நாள் வரும்? சாவு வீடுகளில் சடங்கு சொல்லித் தருகிறவர் நல்லசிவம் அண்ணாச்சி. எர்ணாகுளத்தில் சின்னதாக ஹோட்டல் வைத்திருக்கிறார். யாரோ கூட்டத்தில் வேஷ்டிச் சாம்பல் ஒரு கை இருக்கிறதே, அதைக் கரைக்கலாமே என்றபோது, "வேஷ்டிக்கா கர்மம் பண்றது?" என்று எரிந்து விழுந்தார். பிறகு காளியம்மாளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "தீ எடுத்துக்கிடல தாயி. தீ எடுக்காதவன் இன்னும் வாசல்லதான் நிக்கிறான். ஒரு வழி தெரியறவரைக்கும் நீ அப்படியே இரு," என்றார். காளியம்மாள் அப்படியே இருந்தாள். தாலி கழுத்தில் கிடந்தது. கோவிலுக்குப் போகக் கூடாது, கல்யாணத்துக்குப் போகக் கூடாது, அழுது முடிக்கவும் கூடாது. அவள் சமைத்தாள். சாய்ப்பின் ஓரம் ஒரு தட்டு வைத்தாள், காக்கைகள் வந்து பார்த்துவிட்டுத் தொடாமல் போயின.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புதைக்கலாம் என்றால், உப்புப் பாண்டிகசாலைச் சந்தில் முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். காயலில் விடலாம் என்றால் கப்பல் போகிற வழி. வார்ப்படப் பட்டறைக்குக் கொண்டுபோய் உருக்கிவிடலாம் என்றான் ஒருத்தன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதற்குப் பதில் சொன்னது வேலனின் மகள் ஜிஷா. வைப்பினில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறவள், தினமும் அப்பா சாய்த்த அதே ஜங்காரில் போய் வருகிறவள். "உருக்கினாலும் இரும்பு இரும்புதான். ரூபம்தான் மாறும். ஆறினா ஜன்னல் கம்பியா வந்து நிப்பாரு. அப்பா வேற ஒண்ணா மாறணும், அப்பதான் போனதா அர்த்தம்," என்றாள். வகுப்பிலும் அவள் அதைத்தான் சொல்வது வழக்கம். ஒரு பொருளை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அது எரியுமா, அரிக்குமா, எதோடு சேரும், எதற்கு அசையாது என்பது தெரியவே தெரியாது. மாற்றிப் பார்த்தால்தான் தெரியும், தெரிந்தபோது பழைய பொருள் கையில் இருக்காது. இத்தனை வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதி அழித்தவளுக்கு, சாய்ப்பில் கிடக்கிற அப்பாவைப் பார்த்ததும் சாக்பீஸ் பிடிக்கக் கை வரவில்லை. கோடை ஸ்பெஷல் கிளாஸுக்கு லீவு போட்டாள்.

இதற்குள் அஜீஷ் செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டான். தப்பென்று தெரிந்து செய்யவில்லை, கைப்பழக்கம். அவனும் அதே பட்டறையில் பெயிண்டர். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சாய்ப்புக்கு வந்தவன், அப்பாவின் இடது தோளில் கறுப்புத் தோல் வெடித்துக் காசளவுக்குச் செம்பழுப்பாக ஒரு பொட்டைப் பார்த்தான். துரு. பிரஷ்ஷைத் துப்பிவிட்டு உள்ளே ஓடி, கம்பி பிரஷ்ஷும் பிரைமர் டப்பாவும் எடுத்து வந்தான். துருவைப் பார்த்தால் வீட்டுக்குப் போகாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அங்கே படுத்திருந்தவர்தான். தேய்த்தான், துடைத்தான், பூசினான். பொட்டோடு நிறுத்த மனசு வரவில்லை. நெற்றி, காது மடல், விரல் இடுக்கு, உள்ளங்கால் என்று ஒரு இடம் விடாமல் சிவப்பு பிரைமர் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதற்குமேல் படகுகளுக்கு அடிக்கிற சாம்பல் பெயிண்ட். பூசும்போதெல்லாம் அப்பாவோடு பேசினான். உயிரோடு இருந்தபோது அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. முடித்து எழுந்தபோது வேலன் நேற்றுக் காயலில் இறக்கிய புதுப் படகு மாதிரிப் பளபளத்தார். இனி பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது என்றான் அஜீஷ், முகம் விரிய.

உண்மையில் ஆகத்தான் இல்லை. மலையாளத்து மேட மாதம் முடிந்தது. சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். யாரோ மாலை போட்டார்கள், யாரோ ஊதுபத்தி வைத்தார்கள். பட்டறைத் தொழிலாளிகள் அவரை நிமிர்த்தி வாசலில் நிறுத்த அனுமதி கேட்டார்கள். அஜீஷுக்கு அதில் ஆசைதான். ஒரு சத்தம் மட்டும் எல்லோரையும் கொஞ்சம் தொந்தரவு செய்தது. மத்தியான வெயிலில் தகரச் சாய்ப்பு கொதிக்கும்போது வேலனிடமிருந்து 'டிக்' என்று ஒன்று கேட்கும். வெயில் தாழ்ந்து காற்று விழும்போது மறுபடி ஒன்று. இரும்பு சூட்டில் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது என்றாள் ஜிஷா. காளியம்மாள் அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் தூக்கத்தில் தொண்டையைச் செருமுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "அவருக்கு மூச்சு முட்டுது," என்றாள். "தோலு பூரா அடைச்சு வச்சிருக்கு. ஒரு துளி காத்து போகல. எப்படிப் போவாரு?"

ஜிஷா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தேடிக்கொண்டிருந்தது அம்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. காற்று, தண்ணீர், உப்பு. இரும்பை மாற்ற இந்த மூன்றும் போதும், மட்டாஞ்சேரியில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே கிடையாது. அன்றைக்கே நல்லசிவம் அண்ணாச்சியை வரவழைத்து, அடுக்களை மேடையில் தன் பாடத்தை வைத்தாள். பட்டறையில் பெயிண்டர்கள் தேய்க்க வைத்திருக்கும் இரும்புப் பஞ்சு, முடி கனத்தில் இரும்பு நார், அதில் ஒரு உருண்டையை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினாள். இரும்பு எரிந்தது. பொறிப்பொறியாகச் செந்நூல் போல ஓடி எரிந்து கறுத்தது. அண்ணாச்சி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்னொரு உருண்டையை வினிகரில் நனைத்துப் பிழிந்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி, அவர் கையில் கொடுத்தாள். "இதைப் பிடிச்சுக்கோங்க மாமா. சாயா போடறேன்." சாயா வருவதற்குள் பாட்டிலுக்குள் இரும்பு துருவேறத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி பாட்டிலைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சூடு இருக்கே," என்றார்.

"துருப்பிடிக்கிறதும் எரியறதும் ஒரே காரியம் மாமா. ரெண்டும் காத்துல இருக்கிற ஒண்ணைத்தான் எடுத்துக்குது. அது வேகம், இது மெல்ல. அவ்வளவே வித்தியாசம். இது நீங்க கண்ணால காணாத தீ."

அண்ணாச்சி பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. சாயாவில் ஆடை கட்டியது. அவருக்கு முன்னால் அவர் அப்பாவும் தாத்தாவும் சடங்கு சொன்னவர்கள். மூன்று தலைமுறையில் யாரிடமும் கேட்கப்படாத கேள்வி அவரிடம் கேட்கப்பட்டிருந்தது. கடைசியில் பாட்டிலை மெதுவாக மேடையில் வைத்து, "சூடு இருந்தா தீதான். நான் ஒப்புக்கிடுதேன்," என்றார். "அடுப்பைத் தேடிக்கிட்டு நாம ஏன் அலையணும்? மழை வரட்டும். ஆனா அந்தப் பெயிண்டு போகணும். அதை அடிச்சவன் எடுக்கணும்."

அடிச்சவன் எடுக்க மாட்டேன் என்றான். பெயிண்ட் டப்பாவைச் சாய்ப்பின் குறுக்கே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். வைகாசிப் பாதியில் இறங்குகிற எடவப்பாதி மழைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான்கு நாளும் அதே உட்கார்ப்பு.

"நீ டீச்சர். உனக்கு அப்பா ஒரு பாடம்," என்றான் தங்கையிடம்.

"உனக்கு அப்பா ஒரு கப்பல்," என்றாள் அவள்.

"இருக்கட்டும். என் கப்பல் கரையில கிடக்கும். ஓட்டை விழாது. உன் பேச்சைக் கேட்டா எனக்குக் கொட்டாங்கச்சியில அள்ள மண்ணுதான் மிஞ்சும்."

"மண்ணு கூட மிஞ்சலைன்னுதானே அண்ணே அம்மா இப்படி நிக்கிறா."

அம்மா எப்படி நிற்கிறாள் என்று அவன் பார்க்காமலில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் அவளிடம் கொடுப்பதா, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதா என்று வாசலில் தயங்கியதைப் பார்த்தான். பார்த்தும் டப்பாவை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அப்பாவைத் துரு தின்ன விடுவது என்பது, அப்பா சொல்லிக் கொடுத்த ஒரே விஷயத்தை அவர்மேலேயே பொய்யாக்குவது. அதற்குப் பேர் மகனா?

ஐந்தாம் நாள் முற்பகல் காளியம்மாள் அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் வேலனின் சிப்பிங் சுத்தியல். பரணில் கிடந்ததை எப்போது இறக்கினாளோ தெரியாது. மகனைச் சுற்றிக்கொண்டு போய், புருஷனின் மார்புக்கு நேரே நின்று, சுத்தியலை ஓங்கி அடித்தாள். கணீரென்ற சத்தம் சந்தின் கடைசி வரைக்கும் போனது. பெயிண்ட் நெல்லளவுக்குப் பெயர்ந்தது. மறுபடி அடித்தாள். அவள் ஆயுசில் தேங்காய் உடைத்ததைத் தவிர இப்படி எதையும் அடித்தவள் இல்லை. சுத்தியல் வழுக்கி வேலனின் தாடையில் போய் மோதியது. அஜீஷ் டப்பாவிலிருந்து எழுந்துவிட்டான்.

"மதி அம்மா. போதும்."

"நாப்பது வருஷம் இந்த மனுஷன் அடுத்தவன் படகுக்குத் தட்டினாரு," என்றாள் அவள், அடிப்பதை நிறுத்தாமல். "அவருக்குத் தட்ட ஒரு ஆளு இல்ல."

அஜீஷ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தடுக்கத்தான் பிடித்தான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவன் சுத்தியலைக் கையில் வாங்கி, அதன் முனையைத் துடைத்து, ஒரு தரம் தூக்கிப் பார்த்தான். "கோணம் தப்பு அம்மா," என்றான். "இப்படி நேரா அடிச்சா அவருக்கு வலிக்கும். சாய்ச்சு அடிக்கணும்." பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, அப்பா தனக்குக் காட்டிய கோணத்தில், உள்ளங்காலிலிருந்து ஆரம்பித்தான்.

அன்று முழுக்கத் தட்டினான். சாம்பல் பெயிண்ட் போனது, சிவப்பு பிரைமர் போனது, நெருப்பு கொடுத்த கறுப்புத் தோலும் போனது. சாயங்காலம் ஆகும்போது வேலன் சாய்ப்புக்கடியில் வெள்ளியில் வார்த்த மாதிரி மின்னினார். அஜீஷ் அவர் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல் தன் சட்டையால் துடைத்தான். அதன் பிறகு தகரத்தின் ஆணிகளைப் பிடுங்கி, கூரையை இறக்கி, சுவரோரம் சாத்தி வைத்தான். வேலன்மேல் வானம் விழுந்தது.

நீர்மாலை எடுக்க, அதாவது பிணத்தைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் கொண்டுவர, அவர்கள் குழாயடிக்குப் போகவில்லை. நல்லசிவம் அண்ணாச்சி முன்னால் நடக்க, பங்காளிகள் வெள்ளைத் துணியைத் தலைக்குமேல் நான்கு முனையும் பிடித்துக்கொண்டு வர, அஜீஷ் படகுத்துறைப் படியில் இறங்கிக் காயல் தண்ணீரை மொண்டான். உப்புத் தண்ணீரில் நீர்மாலையா என்று கூட்டத்தில் முணுமுணுத்தவர்களை அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். குடத்தைத் தோளில் ஏற்றி வந்து, மூன்று சுற்று சுற்றி, தலையிலிருந்து கால்வரை ஊற்றினான் அஜீஷ். அவன் வைத்த கொள்ளி அந்தத் தண்ணீர்தான். அதன்மேல் மழை தொடங்கியது.

வேலன் எரிந்தார். முதல் மழையில் மஞ்சள் பூசினாற்போல ஆனார், அடுத்ததில் செங்கல் நிறம். பிறகு பொருமி, ஏடு ஏடாகப் பிரிந்து, பிரிந்த இடத்தில் மறுபடி பொருமினார். இரும்பு கரைய மனுஷ ஆயுசு ஒன்று பிடிக்கும் என்றுதான் ஜிஷா கணக்குப் போட்டிருந்தாள். அவருக்கு அவசரம் இருந்திருக்க வேண்டும். சந்தின் நடு ஓடையில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. வாசற்படிகளை நனைத்தது, சுவர்களின் அடியில் முழ உயரத்துக்கு ஏறியது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் வெள்ளைச் சாக்ஸைப் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ஷபானா, காயப்போட்டிருந்த தொழுகைத் துப்பட்டாவின் ஓரம் சிவந்திருப்பதைப் பார்த்தாள். துருக்கறைக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தால் போதும், அது எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். அவள் பழத்தை அறுத்தாள், கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தாள், பிறகு அதைச் சர்பத்துக்குப் பிழிந்துவிட்டாள். மழை பெய்த நாட்களில் மரக்கட்டைகள்மேல் கை நீட்டினால் வெதுவெதுப்பு தெரிந்தது என்று அண்ணாச்சி சொன்னார். அதைச் சோதித்துப் பார்க்க அவர் எர்ணாகுளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து போய்க்கொண்டிருந்தார். 'டிக்' சத்தம் அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஆடி அமாவாசையான கர்க்கடக வாவுக்கு முந்தின நாள் கட்டைகள்மேல் சிவப்புப் பொடி ஒரு மனுஷ நீளத்துக்குக் குவிந்து கிடந்தது. அஜீஷ் கலசம் நிறைய அள்ளினான். வெறும் பொடி, இத்தனை கனமாக இருக்கிறதே என்றான். காற்றையும் சேர்த்துக்கொண்டு போகிறார் என்றாள் ஜிஷா. மறுநாள் ஆலுவாவில், பெரியாற்றுக் கரையான மணப்புறத்தில், ஆயிரக்கணக்கில் ஆட்கள். காளியம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கலசத்தைக் கவிழ்த்தாள். பெரியாறு அவளைச் சுற்றி ஒரு நிமிஷம் சிவந்து, பிறகு தன் நிறத்துக்குப் போனது. கரையேறி வந்து, தாலியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். இத்தனை மாதம் மழையிலும் உப்புக்காற்றிலும் கிடந்தும் அதில் ஒரு மங்கல் இல்லை. தங்கம் அப்படித்தான், யாரோடும் சேரத் தெரியாது அதுக்கு என்றாள் ஜிஷா. "பாவம்," என்றாள் காளியம்மாள். பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்து, சித்திரையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுது முடித்தாள். பதினாறாம் நாளை அன்றிலிருந்து எண்ணினார்கள்.

ஜிஷா லீவு முடிந்து ஸ்கூலுக்குப் போய் அதே பாடத்தை எடுத்தாள், குரல் தடுமாறவில்லை. அஜீஷ் இப்போதும் பெயிண்டர்தான், ஒரு பொட்டுத் துருவை விடமாட்டான் என்று பட்டறையில் பேர். தகரச் சாய்ப்பை மட்டும் அவன் மறுபடி மேயவில்லை. காளியம்மாள் வெள்ளைத் தலையணை உறை வாங்கினாள். அது வெள்ளையாகவே இருக்கிறது. வருஷம் சில ஆகிவிட்டது. இன்றைக்கும் எடவப்பாதியின் முதல் மழைக்கு உப்புப் பாண்டிகசாலைச் சந்தில் தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடுகிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தால், மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிற பெண்கள், "ஒண்ணுமில்ல, வேலன் சேட்டன் போறாரு, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க," என்று சேலைக் கொசுவத்தைக் கணுக்காலுக்குமேல் தூக்கி அவருக்கு வழிவிடுவார்கள். அவர் போனதும் மத்தி விலை எங்கே விட்டதோ அங்கிருந்து தொடரும்.